சோறும் தண்ணீரும் எரிபொருளும்: ரிசர்வ் வழங்கல் படைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

படைகளின் வழங்கல் பற்றிக் கேட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ரிசர்வ், அதாவது பகுதிநேரப் படையின், வழங்கல் கட்டளைப்பீடங்களைப் பற்றியே பலர் கேட்டிருக்கிறார்கள். சிலருடைய கேள்விகள் நம் ஊருக்கே வந்து நிற்கின்றன. ஒத்தவற்றை ஒன்றாக்கி எழுதுகிறேன்.

சுன்னாகம் வாசகர்: ரிசர்வ் வழங்கல் கட்டளைப்பீடம் என்ன செய்கிறது? அதற்கென்று தனியாக ஒரு ஜெனரல் எதற்கு?

ஒரு இலட்சம் பேரை வேற்று நாட்டில் கொண்டுபோய் இறக்கினால், அன்று இரவே அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். மறுநாள் தண்ணீர், டீசல், மருந்து, வெடிபொருள், வாகன உதிரிப்பாகம், கடிதம் எல்லாம் வேண்டும். இறந்தவர்களின் உடலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பவும் ஒரு பிரிவு வேண்டும். எந்தக் கப்பல் முதலில் துறைக்குள் வர வேண்டும், அதில் எதை முதலில் இறக்க வேண்டும், எந்த வீதியால் எத்தனை பாரவூர்திகள் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இந்தக் கட்டளைப்பீடத்தின் வேலை. 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, ஒரு கப்பல் பிந்தினால் சங்கக்கடையில் மாவுக்கும் சீனிக்கும் என்ன நடந்தது என்பதை நேரில் கண்டவர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கத் தரைப்படையில் ஒரு முழுப் போர்க்களத்துக்குப் பொறுப்பான வழங்கல் கட்டளைப்பீடத்துக்கு மேஜர் ஜெனரல் ஒருவர் தலைமை தாங்குவார். அதற்குக் கீழே பிரிகேடியர் ஜெனரல்களின் கட்டளைப்பீடங்கள், அவற்றுக்குக் கீழே கேணல்களின் படையணிகள். இவற்றில் பல ரிசர்வ் படையைச் சேர்ந்தவை. லூசியானாவில் 377ஆவது, கலிபோர்னியாவில் 79ஆவது என்று இரு பெரிய கட்டளைப்பீடங்கள் ரிசர்விலேயே இருக்கின்றன. முழுநேர ஊழியர் சிலரே. ஏனையோர் மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்கு வருவார்கள். மற்ற நாட்களில் அவரவர் தொழில்.

கரவெட்டி வாசகர்: இவ்வளவு முக்கியமான வேலையைப் பகுதிநேரப் படையிடம் ஏன் கொடுத்தார்கள்?

இதற்கு வேர் வியட்நாம் போரில் இருக்கிறது. 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ரிசர்வ் படையைப் பெரிய அளவில் அழைக்காமல், கட்டாய ஆட்சேர்ப்பின் மூலமே அந்தப் போரை நடத்தத் தீர்மானித்தார். 1973இல் அந்த ஆட்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. படையின் ஆளணி சுருங்கியது. அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்த கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ், இருந்த ஆட்களைக் கொண்டே டிவிஷன்கள் எனப்படும் பெரும் போர்ப்பிரிவுகளை 13இலிருந்து 16ஆக உயர்த்த முடிவெடுத்தார். போரிடும் பிரிவுகளை முழுநேரப் படையில் நிரப்பி, வழங்கலின் பெரும்பகுதியை ரிசர்வுக்குத் தள்ளினால்தான் அது கைகூடும். ஊர்தோறும் உள்ள ரிசர்வ் வீரர்களை அழைக்காமல் இனி எந்த ஜனாதிபதியும் பெரும்போர் தொடங்கக் கூடாது என்பதும் அவருடைய நோக்கமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

என் பார்வையில் இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. பாரவூர்திச் சாரதி, பாரந்தூக்கி இயக்குபவர், களஞ்சியப் பொறுப்பாளர், நீர்வழங்கல் பொறியியலாளர் ஆகியோர் தம் தொழிலைச் சீருடை இல்லாத நாட்களிலும் செய்கிறார்கள். பீரங்கி இயக்குபவருக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.

வல்வெட்டித்துறை வாசகர்: 377ஆவது கட்டளைப்பீடம் இரு ஈராக் போர்களிலும் இருந்ததா?

இரண்டாவதில் இருந்தது. முதலாவதில் அதை அழைக்கவில்லை.

மத்திய கிழக்கில் போர் வந்தால் வழங்கலைப் பொறுப்பேற்பதற்கென்று குறிக்கப்பட்டிருந்தது, நியூ ஓர்லியன்ஸைத் தளமாகக் கொண்ட இந்த 377ஆவது தலைமையகமே. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு வாரத்துக்குள் அமெரிக்க வான்குடைப் படையினர் சவூதியில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ரிசர்வ் படையை அழைக்க அப்போதைய ஜனாதிபதி மூத்த ஜோர்ஜ் புஷ் ஆணையிட்டதோ ஓகஸ்ட் 22ஆம் திகதி. இந்த இடைவெளியில் வந்திறங்கியவர்களுக்குச் சோறு யார் போடுவது?

வில்லியம் பகோனிஸ் என்ற ஜெனரல் ஒரு சிறிய குழுவோடு முன்னரே போய்விட்டார். கூடாரம், பஸ், பாரவூர்தி, சமையற்காரர் என்று சவூதி வணிகர்களிடம் கிடைத்ததையெல்லாம் வாடகைக்கு எடுத்தார். அவர் கைவேலையாகக் கட்டியெழுப்பிய அமைப்பே பின்னர் 22ஆவது வழங்கல் கட்டளைப்பீடமாயிற்று. போர்க்களத்திலேயே அவருக்கு மூன்றாவது நட்சத்திரமும் கிடைத்தது. இதே வேலைக்காகப் பயின்ற 377ஆவது தலைமையகம் ஊரிலேயே இருந்துவிட்டது. ரிசர்வின் சிறிய பிரிவுகள் ஏராளமாகப் போயின. தலைமையகம் மட்டும் போகவில்லை. பகோனிஸின் சாதனையை நான் மதிக்கிறேன். ஆனால் பயிற்சி பெற்ற தலைமையகத்தை விட்டுவிட்டுப் போரின் நடுவே புதிதாக ஒன்றைத் தைத்தெடுப்பது அபாயமான வழி. ஆறு மாத அவகாசத்தைச் சதாம் ஹுசைன் கொடுத்ததால் அது சரிவந்தது.

2003இல் அந்தத் தவறு திரும்ப நடக்கவில்லை. 377ஆவது கட்டளைப்பீடம் குவைத்தின் அரிஃப்ஜான் முகாமிலிருந்து ஈராக் படையெடுப்புக்கான வழங்கலை நடத்தியது. அந்தப் படையெடுப்பு நியாயமானதா என்ற கேள்வி வேறு. நியாயமானதல்ல என்பதே என் விடை. வழங்கல் நடந்த விதத்தைப் படிப்பதற்கு அது தடையாக இருக்க வேண்டியதில்லை.

மானிப்பாய் வாசகர்: பின்னணியில் இருப்பவர்களுக்கு உயிராபத்து குறைவுதானே?

பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பேர்க் என்ற சிறிய ஊரில் 14ஆவது குவாட்டர்மாஸ்டர் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடிநீரைச் சுத்திகரிப்பதே அதன் வேலை; மொத்தம் 69 பேர், எல்லோரும் ரிசர்வ் வீரர்கள். சவூதியின் கிழக்குக் கரையில் உள்ள தஹ்ரானுக்கு அவர்கள் வந்து ஆறே நாட்களில், 1991 பெப்ரவரி 25ஆம் திகதி, அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. இறந்த 28 பேரில் 13 பேர் இந்தப் பிரிவினர். இந்தப் பிரிவில் மேலும் 43 பேர் காயமடைந்தார்கள். ஒரே ஊரையும் அதன் அயலையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே இரவில் போனால் அந்த ஊருக்கு என்ன நேரும் என்று யோசித்துப் பாருங்கள். ரிசர்வ் பிரிவுகளை ஊர்வாரியாகத் திரட்டுவதன் மிகக் கொடிய விலை இதுதான். இவர்களைப் பின்னணி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கொக்குவில் வாசகர்: தோனிக்கு லெப்டினன்ட் கேணல் பதவி கொடுத்தார்களே, அதுவும் இப்படியான ரிசர்வ் படையா?

ஆம், அது இந்தியாவின் பிரதேச இராணுவம். 2011இல் தோனிக்குக் கிடைத்தது கௌரவப் பதவி; அவர் சேர்ந்தது வான்குடைக் காலாட்படைப் பிரிவு. அந்தப் படையை 1949 ஒக்டோபர் 9ஆம் திகதி முறைப்படி தொடக்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமான பகுதி கிரிக்கெட்டோடு சேராதது. ரயில்வே ஊழியர்களையும் எண்ணெய் நிறுவன ஊழியர்களையும் கொண்ட தனிப் பிரிவுகள் பிரதேச இராணுவத்தில் அமைக்கப்பட்டன. 1965, 1971 போர்களின்போது ரயில்வேப் பிரிவினர் சீருடை அணிந்து ரயில்களை ஓடவைத்தார்கள். 1974இன் பெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போதும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். தொழிலாளியின் கையால் தொழிலாளியின் போராட்டத்தை உடைப்பதற்கு ரிசர்வ் படையைப் பயன்படுத்தியது எனக்கு உடன்பாடானதல்ல.

பளை வாசகர்: 2000இல் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்ததற்குத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

இரு பக்கத்திலும் மாண்ட இளைஞர்களை நினைத்தபடியே இதற்குப் பதில் எழுதுகிறேன்.

தண்ணீர் மட்டும் காரணமல்ல; ஆனால் கடைசிக் கணக்கை முடித்தது அதுதான். ஆனையிறவு உப்பு விளைகிற நிலம். சுற்றிலும் கடல்நீரேரி, கிணறு தோண்டினால் உவர். முகாமுக்கான குடிநீர் இயக்கச்சிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வந்தது. மார்ச் இறுதியில் புலிகள் குடாரப்பில் தரையிறங்கி, முகாமுக்கும் குடாநாட்டுக்கும் இடையிலான ஏ9 வீதியை ஊடறுத்தார்கள். ஏப்ரலில் இயக்கச்சியும் விழுந்தது. சித்திரை வெயிலில் ஆயிரக்கணக்கானோர் தண்ணீரின்றி எத்தனை நாள் நிற்க முடியும்? ஏப்ரல் 22ஆம் திகதி முகாம் கைவிடப்பட்டது.

1991ஐ இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் முகாம் முற்றுகையில்தான் இருந்தது. ஆனால் ஜூலையில் இராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாகத் தரையிறங்கி, வாரக்கணக்கில் போரிட்டு, முகாமுக்குப் பாதை திறந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குள் இருந்தவர்களிடம் பீரங்கிகள் முன்னையதைவிட அதிகமாக இருந்தன. திறந்த வழிதான் இருக்கவில்லை.

சாவகச்சேரி வாசகர்: இலங்கையிலும் ரிசர்வ் படை உண்டா?

உண்டு. தொண்டர் படை என்கிறார்கள். 1881 ஏப்ரல் 1இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்களே அதன் தொடக்கம். உணவும் எரிபொருளும் வழங்கும் சேவைப் படையணியிலும் தொண்டர் பிரிவுகள் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொண்டர்கள் பெரும்பாலும் முழுநேரக் கடமையிலேயே இருந்தார்கள். ஆகவே அமெரிக்க முறையோடு நேராக ஒப்பிட முடியாது.

நெல்லியடி மாணவி: உயர்தரம் படிக்கிறேன். படையில் சேராமல் வழங்கலைத் தொழிலாகப் படிக்க முடியுமா?

தாராளமாக முடியும், பிள்ளை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, வழங்கல் முகாமைத்துவத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. கணிதத்தை விட்டுவிடாதீர்கள், புவியியலையும் ஆர்வத்தோடு வாசியுங்கள். வெள்ளம், புயல், சுனாமி வந்தால் நிவாரணம் போய்ச்சேர வேண்டிய வழியைத் திட்டமிடுவதும் இதே அறிவுதான். அங்கே ஆட்கள் போதவில்லை. இப்போதே தொடங்க விரும்பினால், கிளிநொச்சி வயலில் அறுத்த நெல் நெல்லியடிச் சந்தைக்கு அரிசியாக வந்துசேரும்வரை எத்தனை கை மாறுகிறது, எங்கே எத்தனை நாள் தங்குகிறது, ஒவ்வோர் இடத்திலும் கிலோவுக்கு எவ்வளவு கூடுகிறது என்று விசாரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பினால் வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.