தொலைக்காட்சி போக்கர் போட்டிகளில் ஏன் அடிக்கடி ‘ஆல் இன்’ போகிறார்கள்?

போக்கர் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு இல்லாதபோதும் ‘ஆல் இன்’ போவது, அதாவது பந்தய வில்லைகளான சிப்கள் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவது, அசட்டுத் துணிச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, அது கணக்கு.

போட்டியில் சீட்டுப் போடுமுன் இருவர் வைக்கும் பிளைண்ட் எனும் கட்டாயப் பந்தயம் (ஒன்று சிறியது, ஒன்று பெரியது) ஏறிக்கொண்டே போகும். உங்களிடம் பெரிய பிளைண்டைப்போல் 10 மடங்கு சிப்களே மிஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிளைண்டுகளும், ஆன்டி எனும் கூடுதல் கட்டாயப் பந்தயமும் சேர்ந்து நடுவில் பெரிய பிளைண்டைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கிடக்கும். நீங்கள் ஆல் இன் போய் எல்லோரும் மடித்துவிட்டால், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டால், சீட்டைக் காட்டாமலே கையிருப்பு கால் பங்கு கூடிவிடும். யாராவது உங்கள் பந்தயத்தை ஏற்று ஈடாக வைத்தாலும் வெல்ல வாய்ப்புண்டு. ஏற்பவருக்கோ சீட்டு வென்றாக வேண்டும், வேறு வழியில்லை.

2003 உலகப் போக்கர் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் ராஜாவும் ஏழும் வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிகூடச் சேராமல், நடுவில் கடைசிப் பொதுச் சீட்டு விழுந்தபின் ஆல் இன் போனார். எதிரே ஆடிய சாமி ஃபர்ஹாவிடம் ஒன்பதாம் எண் சீட்டில் ஒரு ஜோடி இருந்தது. யோசித்து யோசித்து மடித்துவிட்டார்! இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

எதையும் மடிக்காத எதிராளியிடம் மட்டும் இந்த மிரட்டல் எடுபடாது. மேலும், திரையில் வருவது பெரும்பாலும் வெட்டித் தொகுத்த பகுதிகள்; அதே வீரர் மணிக்கணக்காகப் பேசாமல் சீட்டை மடித்துக்கொண்டிருந்ததை யாரும் காட்டுவதில்லை.