கோல்மன் திரும்பி வந்தாரே, நான் வர மாட்டேனா?

கேள்வி: நான் டப்ளினில் நர்ஸ். மகனுக்கு 17 வயது, இங்கே ஒரு கிளப்பில் ரைட் பேக் ஆடுகிறான். பிப்ரவரியில் ஒரு மேட்சில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து போனில், கால் முறிந்து மீண்டு வந்த அயர்லாந்து கால்பந்து வீரர் சீமஸ் கோல்மன் வீடியோதான். "அவர் பத்து மாசத்துல வந்தாரு, நான் எட்டுல வந்துடுவேன்" என்கிறான். அடுத்த வருடம் லீவிங் சர்ட், அதாவது இங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் பரீட்சை. அவன் அப்பாவோ, "பந்தைத் தூக்கிப் போடு, படி" என்கிறார். தினமும் சண்டை. எலும்பைப் பற்றி எனக்குத் தெரியும், பிள்ளையைப் பற்றித்தான் புரியவில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இப்போதைக்கு யார் பக்கமும் நிற்காதீர்கள். பிள்ளை ஊன்றுகோலோடு நடக்கும்போது "ஆடுவதா, விடுவதா" என்று பஞ்சாயத்து வைத்தால், அவன் வீம்புக்காகவே "ஆடுவேன்" என்பான். வீம்பில் சொன்னதைக் காப்பாற்றத்தான் பிறகு அவசரப்படுவான். எனக்கு அந்த அவசரம்தான் கவலை.

கோல்மன் கதை அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். 2017 மார்ச் 24, டப்ளினின் அவிவா ஸ்டேடியம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வேல்ஸுடன் ஆட்டம். நீல் டெய்லர் பாய்ந்து வந்து மோதியதில் கோல்மனின் வலது காலில் உங்கள் மகனுக்கு முறிந்த அதே இரண்டு எலும்புகள் போயின. டெய்லருக்கு ரெட் கார்டு, மேட்ச் 0-0. கோல்மனுக்கு அப்போது 28 வயது, அயர்லாந்து கேப்டன். அடுத்து அவர் தன்னுடைய இங்கிலாந்து கிளப்பான எவர்ட்டனுக்கு இறங்கியது 2018 ஜனவரி 31-ல், லெஸ்டருக்கு எதிராக. எவர்ட்டன் 2-1 என்று ஜெயித்தது. பத்து மாதக் கணக்கு சரிதான்.

ஆனால் நடுவில் ஒரு தேதி இருக்கிறது, அதை அவன் சொல்லியிருக்க மாட்டான். 2017 நவம்பர் 14. அதே அவிவாவில் டென்மார்க்குடன் பிளே ஆஃப், ஜெயித்தால் ரஷ்யாவுக்கு டிக்கெட். கேப்டன் அன்று மைதானத்தில் இல்லை. அயர்லாந்து 5-1 என்று தோற்றது, உலகக் கோப்பை போயிற்று. கால் முறிந்து எட்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. உங்கள் மகன் போட்டிருக்கும் கெடு கிட்டத்தட்ட அதேதான்! நாட்டுக்கே அவசரம் இருந்தும் எலும்புக்கு அவசரம் இல்லை. அத்தனைக்கும் அவருக்கு முழுநேர வேலையே காலைத் தேற்றுவதுதான், கூடவே கிளப்பின் டாக்டரும் பிசியோவும். உங்கள் பையன் பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து பிசியோவிடம் போக வேண்டும். பத்து மாதம் அவனுக்குப் பன்னிரண்டாக நீண்டாலும் அதில் கேவலம் எதுவுமில்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள். கோல்மன் டொனிகோலில் கில்லிபெக்ஸ் என்ற மீன்பிடி ஊர்க்காரர். சின்ன வயதில் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பாலும் ஆடியவர். ஸ்லைகோ ரோவர்ஸ் என்ற அயர்லாந்து கிளப்பிலிருந்து எவர்ட்டனுக்குப் போனபோது வயது 20, விலை வெறும் 60,000 பவுண்டு. ரசிகர்கள் அந்த அறுபதாயிரத்தையே பாட்டாக்கிப் பாடுகிறார்கள். 17 வயதில் ஒரு சீசன் போனால் எல்லாம் போச்சு என்பவனுக்கு, அவனுடைய ஹீரோவின் வாழ்க்கையே பதில் சொல்லும்.

சரி, இப்போது அவன் அப்பா. அவருக்கு நார்மன் வைட்சைட் கதை ரொம்பப் பிடிக்கும். பெல்ஃபாஸ்ட் பையன். 1982 உலகக் கோப்பையில் வட அயர்லாந்துக்காக இறங்கியபோது வயது 17 வருடம் 41 நாள். உலகக் கோப்பையில் ஆடிய மிக இளையவர் என்ற பெயரை பெலேயிடமிருந்து பறித்தவர். 1985 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பத்துப் பேரோடு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வெற்றி கோல் அடித்தவர். முட்டிக் காயம் அவரை விடவில்லை. 1991-ல், 26 வயதில் எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம் படித்துப் பாத மருத்துவரானார்.

"பார்த்தாயா, கடைசியில் படிப்புதான்" என்று உங்கள் கணவர் கிளம்புவார். விடாதீர்கள். வைட்சைட் பந்தை விட்டுவிட்டுப் படிக்கவில்லை, ஆடி முடித்த பிறகு படித்தார். படிப்பு அதுவரை அவருக்காகக் காத்திருந்தது. ஆக இந்தக் கதை அப்பாவின் பயத்தையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். லீவிங் சர்ட் எப்படியும் வரும், எழுதித்தான் ஆக வேண்டும். மைதானத்துக்குப் போக முடியாத இந்த மாதங்களில் அதற்குத் தயார் செய்வது நல்ல கணக்கு. தண்டனை மாதிரி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

டாக்டரிடம் தேதி கேட்பதை நிறுத்துங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது வேறு, மேட்சுக்குத் தயாராவது வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலியில்லாமல் முழு எடையும் ஊன்றுகிறானா, இரண்டு காலுக்கும் ஒரே பலம் வந்ததா, ஓடி சட்டென்று திரும்ப முடிகிறதா, எதிராளி மோத வரும்போது பின்வாங்காமல் நிற்கிறானா என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். இதை பிசியோவே அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் சொல்லட்டும். அம்மா சொன்னால் அறிவுரை, பிசியோ சொன்னால் ட்ரெயினிங்! கோச்சிடம் பேசி, மேட்ச் அன்று அவனை பெஞ்சில் உட்காரவிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்கோர் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடப்பது கால்வலியை விட மோசம்.

கடைசிப் படி, அதாவது மோதலுக்குப் பின்வாங்காமல் நிற்பது, எலும்பு சம்பந்தப்பட்டதில்லை. அவன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நம்பிக்கையால் மட்டும்தானா? பயமும் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. எட்டு மாதம் என்ற சவடாலும் அதனால்தான். ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து பாருங்கள். டெய்லர் பாய்ந்து வரும் இடத்தில் அவன் கண்ணை எடுக்கிறானா என்று கவனியுங்கள். எடுத்தால், அன்றைக்குப் பரீட்சையைப் பற்றிப் பேச வேண்டாம். "அன்னிக்கு விழுந்தப்போ என்னடா நினைச்சே?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த எக்ஸ்ரே வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.