உயிரியல் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்களை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “கல்லூரியில் உயிரியல் எடுத்திருக்கிறேன். புத்தகம் ‘அறிவியல் முறை’ என்று தொடங்கி, அடுத்து அணு, பிணைப்பு, நீர் என்று வேதியியலாகப் போகிறது. இவற்றை விட்டுவிட்டு நேராக செல் பாடத்துக்குப் போனால் என்ன?”

போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் செல் சவ்வு வந்ததுமே திரும்ப இங்கே வந்து நிற்பீர்கள். முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தருபவன் நான், இதை அடிக்கடி பார்க்கிறேன். குறை மாணவர்களிடம் இல்லை. இரண்டு பாடமும் உண்மையில் ஒரே கதை. அதை இரண்டாக வெட்டி, ஒன்றில் ‘கவனித்தல், கருதுகோள், சோதனை, முடிவு’ என்ற பட்டியலையும் இன்னொன்றில் வாய்பாடுகளையும் அடுக்கிவைத்தால் சலிப்புத் தட்டாமல் என்ன செய்யும்?

வெட்டாமல் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் பூக்னரின் ஈஸ்ட் சோதனையைச் சொல்வேன். சர்க்கரையைச் சாராயமாக்கும் வேலை, அதாவது நொதித்தல், உயிருள்ள ஈஸ்ட் செல்லுக்குள் மட்டுமே நடக்கும் என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் அழுத்தமாகச் சொல்லியிருந்த காலம். பூக்னர் அதை மறுக்கக் கிளம்பியவர் அல்ல. ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, செல்களை உடைத்து, துணியில் கட்டி அழுத்திப் பிழிந்து சாறு எடுத்தார். வேறு ஆய்வுக்குத் தேவைப்பட்ட அந்தச் சாறு சீக்கிரமே கெட்டுப்போனது. கெடாமல் இருக்கட்டும் என்று நிறைய சர்க்கரையைக் கலந்துவைத்தார். சாறு குமிழி விட ஆரம்பித்தது. கார்பன் டை ஆக்சைடு! உயிருள்ள செல் இல்லாமலேயே நொதித்தல் நடந்துகொண்டிருந்தது. 1897-இல் இதை வெளியிட்டார். கவனியுங்கள், இங்கே கருதுகோள் முதலில் வரவே இல்லை.

என் கணக்கில் நிஜமான அறிவியல் முறை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. சாற்றில் நாலைந்து செல் உயிரோடு மிஞ்சியிருந்தால்? நுண்ணிய வடிகட்டியில் வடித்துப் பார்த்தார், குமிழி வந்தது. ஈஸ்ட்டைச் செயலற்றதாக்கும் குளோரோஃபார்மைச் சேர்த்தார், அப்போதும் வந்தது. சாற்றில் உயிர்ப்பொருளின் துணுக்குகள் மிதக்கின்றன, அவைதான் வேலை செய்கின்றன என்று சிலர் விடாமல் வாதாடினார்கள். சாற்றைக் காயவைத்துப் பொடியாக்கி, திரும்ப நீரில் கரைத்தார். அதுவும் சர்க்கரையை நொதிக்கவைத்தது. ஆனால் சூடாக்கினால் மட்டும் சாறு திரிந்து, வேலை நின்றுபோனது. ‘நான் சொல்வது தப்பாக இருந்தால் எந்த வழியில் தப்பாக இருக்கும்’ என்று ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே போனதைப் பாருங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்று புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது இந்த மனநிலையைத்தான். 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு.

சரி, சூடாக்கினால் ஏன் நின்றது? இந்தக் கேள்வியோடு இரண்டாம் பாடத்துக்குள் நுழைந்தால் அது வேறு பாடமாகத் தெரியும். சாற்றில் வேலை செய்தவை நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவாக்கும் புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். அந்த மடிப்பைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற பலவீனமான பிணைப்புகளுக்கு. சூடு ஏறினால் அவை விடுபடும், மடிப்பு குலையும். நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துவைப்பதும் இதே ஹைட்ரஜன் பிணைப்புதான். அதனால்தான் புத்தகம் நீரில் தொடங்குகிறது. நீரின் பண்புகள் என்று வரும் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்சுமை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பனிக்கட்டி மிதப்பது, உப்பு கரைவது, எண்ணெய் ஒதுங்குவது எல்லாம் தானாக வரும்.

எண்ணெய் ஒதுங்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோயைப் பாருங்கள். சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. குளுட்டாமிக் அமிலம் மின்சுமை உள்ளது, நீரோடு ஒட்டும். வாலினோ எண்ணெய்போல நீரை விட்டு ஒதுங்கும். அதனால் ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. இந்த ஹீமோகுளோபினின் மின்சுமை இயல்பானதிலிருந்து வேறுபடுகிறது என்பதை மின்புலத்தில் ஓடவிட்டு 1949-இல் காட்டியது லைனஸ் பாலிங் குழு. வித்தியாசம் இந்த ஒரே அமினோ அமிலம்தான் என்று சில ஆண்டுகளில் கண்டுபிடித்தவர் வெர்னன் இங்க்ரம்.

கார்போஹைட்ரேட்டுக்கு ஒரு உதாரணம் போதும். ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதான், பிணைப்பின் திசை மட்டும் வேறு. நம் நொதிகளால் முதலாவதை வெட்ட முடியும், இரண்டாவதை முடியாது. எலக்ட்ரான் அமைப்பு விவரங்களை முதல் சுற்றில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும். வினைசெயல் தொகுதிகளில், அதாவது மூலக்கூறு எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்களில், ஹைட்ராக்சில், கார்பாக்சில், அமினோ, பாஸ்பேட் நான்கையும் படம் போட்டுப் பழகுங்கள், மற்றவை தேவைப்படும்போது வரும்.

அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் பகுதியில் மட்டும் கணக்கைக் கையால் போட்டுவிடுங்கள். ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது என்று படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். இரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்க வேண்டும். அது 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் அயனியின் செறிவு எத்தனை மடங்காகிறது? ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைப் போட்டுப் பார்த்த பிறகு, இரத்தத்தில் பைகார்பனேட் என்ன செய்கிறது என்ற பத்தியைப் படியுங்கள்.