வாசகர் கேள்வி பதில்: கடை வெப்சைட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: வாஷிங் மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். 'வாடிக்கையாளர்களின் தேவைகளுக்கேற்ப உயர்தரச் சேவைகள் வழங்கப்படுகின்றன' என்று எங்கள் வெப்சைட் ஆரம்பிக்கிறது. படித்தால் அரசு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: அந்த வரியில் வாஷிங் மெஷின் எங்கே இருக்கிறது? பல் மருத்துவர் ஒருவரின் சைட்டில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். முதல் கோளாறு அதுதான். நடை அதற்குப் பிறகு.

ஒரு வாரம் கடை போன் பக்கத்தில் நோட்டு ஒன்றை வையுங்கள். கூப்பிடுகிறவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'தண்ணி வெளிய போகல', 'டிரம் சுத்தல', 'இன்னைக்கே ஆள் வருமா', 'வந்து பாக்கக் காசு உண்டா'. திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் உங்கள் பக்கத்தின் தலைப்புகள். 'நீர் வெளியேற்றக் குறைபாடு' என்று அவற்றைத் திருத்திவிடாதீர்கள். 'தண்ணீர் வெளியே போகவில்லையா?' போதும்.

அடுத்து, '-ப்படுகிறது', '-ப்படும்' என்று முடியும் வரிகளைத் தேடிப் பிடியுங்கள். யார் செய்கிறார்கள் என்பதை மறைப்பதே அதன் வேலை. 'பழுதுகள் விரைவாகச் சரிசெய்யப்படும்' என்பதை இப்படி எழுதலாம்: 'வீட்டுக்கே வந்து பார்ப்போம். பார்ட்ஸ் கையில் இருந்தால் அன்றே முடித்துவிடுவோம். வரவழைக்க வேண்டியிருந்தால் எத்தனை நாளாகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.' செய்ய முடியாததை மட்டும் எழுத வேண்டாம். அதைக் காட்டியே சண்டைக்கு வருவார்கள்.

அதற்காக 'பண்றோம், வர்றோம்' என்று முழுப் பேச்சுத்தமிழுக்கும் போக வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பேச்சும் ஒரு மாதிரி. எழுத்தில் பார்த்தால் படிக்கிறவர் தடுமாறுவார். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். நேரில் வந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும் வரியை அடித்துவிடுங்கள். 'உயர்தர', 'நம்பகமான' இரண்டும் அநேகமாக அப்போதே போய்விடும்.

கேள்வி: கூகுளில் வர வேண்டுமானால் 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்று வரிக்கு வரி எழுத வேண்டும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். அப்படித் திணிப்பதை கூகுள் ஸ்பாம் கணக்கில் வைத்திருக்கிறது. பக்கம் கீழே போகலாம், காணாமலும் போகலாம். கீவேர்ட்ஸ் மெட்டா டேகில், அதாவது படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் கோடில் தேடல் சொற்களுக்கென்று இருக்கும் இடத்தில், சொற்களை அடுக்குவதும் வீண். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. பக்கத்தின் டைட்டிலில் (தேடல் முடிவில் தெரியும் பெயர்) ஒரு முறை, பக்கத்தின் மேலே உள்ள பெரிய தலைப்பில் ஒரு முறை, மற்றபடி பேச்சுவாக்கில் வருகிற இடத்தில் போதும். ஒருவர் 'ரிப்பேர்' என்று தேடுவார், இன்னொருவர் 'சர்வீஸ்' என்று தேடுவார். இரண்டும் எங்காவது இருக்கட்டும். தேடல் முடிவில் டைட்டில் திரையின் அகலத்துக்குத் தக்கபடி வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் இடத்தை அதிகம் பிடிப்பதால் சீக்கிரமே வெட்டுப்படும். அதனால் வேலையின் பெயர் முன்னால், கடைப்பெயர் பின்னால்.

கேள்வி: படிவத்தின் கீழே 'சமர்ப்பிக்கவும்' என்று பட்டன் இருக்கிறது. சரிதானா?

பதில்: மனு கொடுக்கிற இடத்தில் சரி. அழுத்தினால் என்ன நடக்குமோ அதையே எழுதுங்கள்: 'ஆளை வரச் சொல்லுங்கள்'. போன் நம்பரைப் படமாகப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு எழுத்தாகப் போட்டு, தொட்டால் அழைப்பு போகும்படி இணைப்புக் கொடுங்கள். வெறும் படத்திலுள்ள நம்பரைத் தொட்டால் பொதுவாக அழைப்பு போகாது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது தெரியாமல் போகலாம்.