47 வயதில் கரண்டி பிடிக்கலாமா?

மகளுக்கு என்ன படிப்பு என்று கேட்கத்தான் கும்பகோணம் வந்தீர்கள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு கேட்கணும் சார்" என்றீர்கள். 22 வருடம் பாத்திரக்கடையில் கணக்கு எழுதினீர்கள், கடையை மூடியாயிற்று. தெரிந்த கல்யாணச் சமையல் மாஸ்டர் "நம்மகூட வந்துடுங்களேன்" என்கிறார். போகலாமா? அன்றைக்கு வாசலில் பிளஸ் டூ பெற்றோர் கூட்டம். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் மாஸ்டரிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல, ஆடியிலும் மார்கழியிலும் என்ன வேலை என்பதைத்தான். முகூர்த்தத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற குழுவில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவதே அபூர்வம். மகளின் கல்லூரிக் கட்டணமோ ஏறக்குறைய ஆடியை ஒட்டித்தான் வரும். அதனால் முதல் வருடம் மாதச் சம்பளம் தரும் ஓட்டல் அடுப்படி, அப்புறம் கல்யாணச் சமையல் என்பது என் கட்சி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஓட்டலில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. முழங்கால் வலியோடு வேலைக்குப் போகும் வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

பழைய கடையில் பி.எஃப். பிடித்திருந்தால் மொத்தத்தையும் எடுத்துக் கடனை அடைத்துவிடாதீர்கள். அதோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடம் முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னைப் பத்திரமாக வைத்திருந்து, புது வேலையில் பி.எஃப். பிடித்தால் அதே எண்ணைக் கொடுங்கள்.

சான்றிதழ் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். திருச்சி பக்கம் துவாக்குடியில் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அது உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு. உங்களுக்கு வேண்டியது வருடத்துக்கு ஒருமுறை மருத்துவத் தகுதிச் சான்றும், உரிய இடைவெளியில் டைபாய்டு தடுப்பூசியும். உணவைக் கையாளுபவர்களுக்கு அவை சட்டப்படியே தேவை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் பயிற்சி வகுப்பு கிடைத்தால் போய்வாருங்கள். (சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் இல்லை, அது வேறு.)

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது வேறு. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மண்டபத்தில், விடியக்காலை மூன்று மணிக்கு, உங்களைப் போலவே நடு வயதில் வந்தவர் ஒருவர் கூட்டுக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட நிரம்பாத பையன் வந்து தாம்பாளத்தில் கையை விட்டு, பெரிய துண்டங்களைப் பொறுக்கி அவர் முன்னால் போட்டான். "அண்ணே, இது வேகறதுக்குள்ள மத்தது குழைஞ்சிடும்." அவர் ஒரு நொடி அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் குனிந்து மறுபடி நறுக்கினார். அந்த ஒரு நொடியைத் தாண்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சீனியாரிட்டி வயதில் இல்லை, அடுப்படியில் நின்ற வருடங்களில் இருக்கிறது.

உங்கள் 22 வருடம் வீண் என்று நினைக்காதீர்கள். கிலோ அரிசிக்கு எட்டுப் பேரா பத்துப் பேரா, பந்தி முடிந்து எவ்வளவு மிஞ்சியது, போன கல்யாணத்துக்கு வாங்கின பருப்பில் என்ன பாக்கி என்று பல மாஸ்டர்கள் எல்லாவற்றையும் மனக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். சாமான் பட்டியலில் விடுகிற பிழைதான் லாபத்தைத் தின்கிறது. அதைத் திருத்த உங்களால் முடியும். ஆனால் முதல் ஆறு மாதம் அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். வந்த மறுநாளே கணக்குச் சொல்ல ஆரம்பித்தால், "கணக்குப்பிள்ளை வந்துட்டார்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களாகக் கேட்கும் நாள் வரும்.

முடிவெடுக்கும் முன் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மாஸ்டரோடு போய், விடியும்வரை நின்று பாருங்கள். பழைய வேட்டியும் வழுக்காத செருப்பும் போதும். மோதிரத்தை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.