டெஸ்டினி கப்பலில் யாரை நம்புவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில், விண்வாயில் வழியே கிரகம் விட்டுக் கிரகம் போகும் ஒரு குழுவின் கதையான ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ தொடரின் பத்து சீசன்களையும் பார்த்தவன் நான். பிறகு ‘ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்’. அப்பா நோயுற்றுக் கிடந்த மாதங்களில் இரவில் ஒரு எபிசோடு பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஓ'நீல், சமந்தா, டேனியல், டீல்க் நால்வரும் எங்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி.

நீங்கள் பாராட்டி எழுதியதை நம்பி ‘ஸ்டார்கேட் யுனிவர்ஸ்’ பார்க்கத் தொடங்கினேன். பத்தாவது எபிசோடில் நிறுத்திவிட்டேன். கர்னல் யங் தன்னுடன் வந்த விஞ்ஞானி ரஷ்ஷை அடித்து வீழ்த்தி, ஆளில்லாத கிரகத்தில் கைவிட்டு வருகிறார். கப்பலுக்குத் திரும்பி, அந்த மனிதர் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறார். இவர்தான் தலைவர்! ஓ'நீல் இப்படிச் செய்வாரா? எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. இருண்டிருந்தால் அது உயர்ந்த கலையாகிவிடுமா? என்னைப் போன்ற ரசிகர்கள் முதிர்ச்சியற்றவர்கள் என்றுதான் நீங்களும் சொல்வீர்களா? மிச்சத்தைப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

அன்புடன்,
ம.

---

அன்புள்ள ம.,

முதிர்ச்சியற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். யுனிவர்ஸ் ஒளிபரப்பான காலத்திலேயே அதைப் பிடிக்காதவர்கள்மீது அந்தப் பழி விழுந்தது. ஒரு கதையின் மனிதர்களோடு பத்தாண்டு வாழ்ந்தவர்கள், அந்தக் கதை திசை மாறும்போது வருந்துவது இயல்பு. உங்கள் அப்பாவின் நோய்நாட்களில் அந்த நால்வர் உங்களுக்குத் துணையிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒரு தொலைக்காட்சித் தொடரால் ஆகக்கூடியதில்லை.

அன்றைய ரசிகர்களின் கோபத்துக்கு நீங்கள் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் எல்லாம் முடிந்த பிறகு வரிசையாகப் பார்த்தவர். அவர்கள் அதை வாரந்தோறும் வாழ்ந்தவர்கள். 2008 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் ஐந்தாவது சீசனோடு நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். அதையடுத்த சில நாட்களுக்குள்ளேயே யுனிவர்ஸ் அறிவிப்பும் வந்தது. ஒன்றைக் கொன்று இன்னொன்றுக்கு இடம் கொடுத்தார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அட்லாண்டிஸ் கதையைத் தொடர ஒரு திரைப்படம் வரும் என்ற வாக்குறுதியும் இருந்தது. அது வரவே இல்லை. 2009 அக்டோபர் 2 அன்று யுனிவர்ஸின் முதல் எபிசோடு ஒளிபரப்பானபோது பலர் அதை ஏற்கெனவே வெறுத்திருந்தார்கள். தொடரை உருவாக்கிய பிராட் ரைட்டும் ராபர்ட் கூப்பரும் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்த முதல் இரவை வென்றிருக்க முடியாது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். யுனிவர்ஸ் இருண்டது, பழைய தொடர்கள் வெளிச்சமானவை என்கிறீர்கள். எஸ்ஜி-1ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். முதல் எபிசோடிலேயே டேனியலின் மனைவி ஷாரே கடத்தப்படுகிறாள். அவளுடைய உடலை ஒரு ஒட்டுண்ணி எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது சீசனில் அவளைக் கொல்வது யார்? டீல்க். அவளுடைய கையிலிருக்கும் கருவி டேனியலின் உயிரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, நண்பனைக் காப்பாற்ற நண்பனின் மனைவியைச் சுடுகிறான். நான்காவது சீசனில் ஓர் இனவெறிச் சமூகத்தின் தலைவன், பூமிக்குத் தப்பி வரப்பார்க்கிறான். வராதே என்று அவனை ஓ'நீல் எச்சரிக்கிறார். அவன் பின்னாலேயே வருவான் என்பது தெரிந்தும் விண்வாயிலின் தடுப்பை மூடச் சொல்கிறார். அது மரண தண்டனைதான். ஏழாவது சீசனில் டாக்டர் ஃபிரேசர், காயம்பட்ட ஒரு வீரனுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கும்போதே கொல்லப்படுகிறார். இவற்றையெல்லாம் பார்த்து அழுத பிறகும் நீங்கள் அந்தத் தொடரை விடவில்லை.

ஷாரே இறந்த பிறகு டேனியலும் டீல்க்கும் மறுபடி ஒரே மேசையில் உட்காருகிறார்கள் என்பதால்தான் விடவில்லை. எஸ்ஜி-1இல் எத்தனை கொடுமை நடந்தாலும் அந்த நால்வருக்கு நடுவில் சந்தேகம் நிலைப்பதில்லை. பார்க்கிற நாமும் ஐந்தாவது ஆளாக அவர்களோடு நிற்கிறோம். உலகமே எரிந்தாலும் பக்கத்தில் நிற்பவனை நம்பலாம் என்ற உறுதி நமக்கு இருக்கிறது. நோயாளியின் படுக்கை அருகே விழித்திருக்கும் ஒரு மகனுக்கு அந்த உறுதிதான் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

யுனிவர்ஸ் எடுத்துக்கொண்டது அந்த உறுதியை. முதல் மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். வேற்றுக்கிரகத்தில் இருக்கும் தளம் தாக்கப்படுகிறது, அந்தக் கிரகமே வெடிக்கப்போகிறது. பூமிக்குச் செல்லும் முகவரியை விண்வாயிலில் இட வேண்டிய நிக்கலஸ் ரஷ், தன் வாழ்நாள் ஆசையான ஒன்பது குறியீட்டு முகவரியை இடுகிறார். எண்பது பேர் வரை எங்கோ டெஸ்டினி என்ற ஒரு பழங்காலக் கப்பலில் வந்து விழுகிறார்கள். பூமிக்கு வழி திறந்திருந்தால் வெடிப்பு அங்கேயும் பாய்ந்திருக்கும் என்கிறார் ரஷ். அது உண்மையா, சாக்கா? கப்பலில் இருப்பவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ராபர்ட் கார்லைல் அந்தப் பாத்திரத்தை நடித்த விதத்தில் ரஷ்ஷுக்கே தெரியுமா என்று சந்தேகம் வருகிறது. அவரை நேசிக்க நேரம் கொடுக்காமலேயே அவரைச் சந்தேகிக்கச் சொன்னது தொடர். யங்கை மதிக்கும்படி அதிகம் காட்டாமலேயே அவரைக் கொலைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது. உங்கள் மனக்குறை இதில்தான் இருக்கிறது, அது நியாயமானது. முதல் பத்து எபிசோடுகளைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம்.

வேறு குறைகளும் உண்டு. தொடர்புக் கற்கள் மூலம் பூமியில் இருக்கும் ஒருவரின் உடலுக்குள் புகுந்து, அந்த உடலோடு மனைவியையும் காதலியையும் சந்திக்கிறார்கள். உடலைக் கொடுத்தவர் எதற்கெல்லாம் சம்மதித்தார் என்ற கேள்வியைத் தொடர் நேர்மையாக எதிர்கொள்ளவில்லை. அன்றே பலர் இதைக் கண்டித்தார்கள். குளோயி என்ற பெண்ணுக்கு முதல் சீசனின் பெரும்பகுதியில் அழுவதையும் காதலிப்பதையும் தவிர வேலையே இல்லை. எபிசோடு முடிவில் ஒரு பாட்டைப் போட்டு ஒவ்வொருவர் முகமாகக் காட்டும் வழக்கம் எனக்கு அலுத்துவிட்டது. இசையமைப்பாளர் ஜோயல் கோல்ட்ஸ்மித் எழுதிய பின்னணி இசையே போதுமானதாக இருந்தது. மூன்று தொடர்களுக்கும் இசை அவர்தான், அதில் யுனிவர்ஸுக்கு அவர் எழுதியதே சிறந்தது என்பது என் எண்ணம்.

இது ‘பாட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் நகல் என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருப்பீர்கள். யுனிவர்ஸ் வந்த அதே அலைவரிசையில், அதே 2009 மார்ச்சில்தான் அந்தத் தொடர் முடிந்தது. ஆடும் கேமராவும் மங்கிய ஒளியும் அங்கிருந்து வந்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கதையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1995இல் ‘ஸ்டார் டிரெக் வாயேஜர்’ இதே சூழலில்தான் தொடங்கியது. வீட்டிலிருந்து எண்ண முடியாத தொலைவில் ஒரு கப்பல், அதில் ஒருவரை ஒருவர் வேட்டையாடிக்கொண்டிருந்த இரண்டு கூட்டம். முதல் எபிசோடு முடிவதற்குள் எல்லோரும் ஒரே சீருடையில் வந்துவிட்டார்கள். பகையும் பசியும் பேச்சளவில் நின்றன. அங்கே எழுதப்படாமல் போன கதையைத்தான் யுனிவர்ஸ் எழுதப் பார்த்தது.

அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஓ'நீலின் குழு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் குழு. ஒவ்வொருவரும் தம் துறையில் தலைசிறந்தவர், ஒவ்வொருவரும் விரும்பி வந்தவர். டெஸ்டினியில் இருப்பவர்கள் உயிருக்குப் பயந்து அருகிலிருந்த கதவுக்குள் ஓடியவர்கள். சமையல் வேலைக்கு வந்தவனும், அலுவலக நிர்வாகியும், ஒரு செனட்டரின் மகளும், கணினி விளையாட்டில் ஒளித்துவைத்திருந்த கணிதப் புதிரை விடுவித்ததற்காக அழைத்துவரப்பட்ட ஈலை என்ற இளைஞனும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஓ'நீலின் நகைச்சுவையை எதிர்பார்க்க முடியுமா?

முதல் எபிசோடுகளின் தலைப்புகளைப் பாருங்கள்: காற்று, இருள், ஒளி, நீர். ஸ்டார்கேட் வரலாற்றில் அதுவரை மூச்சுவிடுவது ஒரு பிரச்சினையாகப் பெரும்பாலும் இருந்ததில்லை. இங்கே கரியமில வாயுவை உறிஞ்சும் இயந்திரம் பழுதாகிவிடுகிறது. அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டும். ஒரு பாலைக் கிரகத்தில் மணலைத் தோண்டித் தோண்டிச் சோதித்துக்கொண்டு நடக்கிறார்கள், கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியாக வேண்டும். எதிரியும் இல்லை, பேரரசனும் இல்லை. ஒரு மூட்டைச் சுண்ணாம்புதான் கதை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவற்றில் ‘ஒளி’யை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்களோ என்று சந்தேகிக்கிறேன். மின்சக்தி தீர்ந்துபோன கப்பல் ஒரு விண்மீனை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. தப்பிச்செல்லும் சிறு ஓடத்தில் சிலருக்குத்தான் இடம். சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். யங் தன் பெயரைச் சேர்க்கவில்லை, ரஷ்ஷும் சேர்க்கவில்லை. ஓடம் போன பிறகு மிஞ்சியவர்கள் சாவுக்குக் காத்திருக்கிறார்கள். யாரும் உரை நிகழ்த்தவில்லை. கப்பல் விண்மீனுக்குள் நுழைகிறது, எரியவில்லை. அது தன் சக்தியை விண்மீன்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி கட்டப்பட்ட கப்பல்! அந்த மகிழ்ச்சியைப் போல இன்னொன்றை எஸ்ஜி-1இன் 214 எபிசோடுகளிலும் நான் காணவில்லை, ஏனென்றால் இவர்களுக்கு நடுவே யாரும் மேதை வேலை செய்து கப்பலைக் காப்பாற்றவில்லை. அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே நமக்கு ஒரு கேள்வி எழுகிறது: ரஷ் தன் பெயரைச் சேர்க்காதது தியாகத்தினாலா, இது அவருக்கு முன்பே தெரிந்திருந்ததாலா?

யங் செய்ததற்கு வருகிறேன். அதைத் தொடர் நியாயப்படுத்துகிறது என்று நினைத்து நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த இரண்டு எபிசோடுகளும் அந்தச் செயலுக்கு அவர் கொடுக்கும் விலையைப் பற்றியவைதாம். ரஷ் வேற்றினத்தாரிடம் சிக்குகிறார். மீண்டு வந்ததும் அந்த அலுவலக நிர்வாகி கமில் ரேயோடு சேர்ந்து ராணுவத்துக்கு எதிராகக் குடிமக்களைத் திரட்டுகிறார். யங்கின் மனச்சாட்சியும் அவரை விடவில்லை. இரண்டாவது சீசனில் அவர் குடித்துக் குலைந்துபோவதைப் பார்ப்பீர்கள். அதே சீசனின் தொடக்கத்தில், விபத்தில் இடிபாடுகளுக்குள் சிக்கிய ஓர் இளைஞன் தன்னை முடித்துவிடும்படி அவரிடம் கெஞ்சுகிறான். யங் அதைச் செய்கிறார். அந்த விபத்துக்குக் காரணம் ரஷ் மறைத்துவைத்த ஒரு ரகசியம் என்பது பிறகுதான் வெளியாகிறது.

அதே சீசனின் ஏழாவது எபிசோடில் இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். கப்பல் எதைத் தேடிப் போகிறது என்பதை ரஷ் அப்போதுதான் சொல்கிறார்: பிரபஞ்சத்தின் ஆதிக் கதிர்வீச்சில் ஏதோ ஒழுங்கான ஒரு செய்தி பொதிந்திருக்கிறது, அதைப் படிக்கத்தான் இதைக் கட்டிய ‘முன்னோர்கள்’ என்ற ஆதி இனத்தார் இந்தக் கப்பலை அனுப்பினார்கள். அங்கிருந்து அந்த இருவருக்குமிடையே மெல்ல உருவாகும் நம்பிக்கை, டேனியலுக்கும் டீல்க்குக்கும் இருந்ததைப்போல நமக்கு இலவசமாகக் கிடைத்ததில்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் அருமையாகத் தெரிகிறது. எஸ்ஜி-1 நட்பிலிருந்து தொடங்கியது, யுனிவர்ஸ் நட்பை நோக்கி நடந்தது. ஆனால் நடக்க எடுத்துக்கொண்ட காலம் அதிகம். பாதி வழியிலேயே பார்வையாளர்கள் இறங்கிவிட்டார்கள்.

அலைவரிசையும் பொறுக்கவில்லை. 2010 அக்டோபரிலிருந்து வெள்ளி இரவுகளை மல்யுத்த நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டு யுனிவர்ஸைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினார்கள். டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2011 மே மாதத்தில் நாற்பதாவது எபிசோடோடு கதை நடுவில் நின்றது. எஸ்ஜி-1 தொடங்கியபோது முதல் எபிசோடு ஒளிபரப்பாவதற்கு முன்பே நாற்பத்து நான்கு எபிசோடுகளுக்கு உறுதி கொடுக்கப்பட்டிருந்தது. அதன் முதல் சீசனில் எத்தனை சுமாரான எபிசோடுகள் இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சுமாரானவற்றைக் கடந்துவர அதற்குக் காலம் கிடைத்தது. யுனிவர்ஸின் மொத்த ஆயுளே அந்த உறுதியைவிட நான்கு எபிசோடு குறைவு.

இது ஒழிந்தால் அட்லாண்டிஸ் திரும்பி வரும் என்று சில ரசிகர்கள் நம்பினார்கள். அது வரவில்லை. யுனிவர்ஸுக்குப் பிறகு 2018இல் பத்து குறும்பகுதிகள் கொண்ட ஒரு சிறு முன்கதை வந்தது, அவ்வளவுதான். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பிடிக்காததைப் பார்க்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்வி: பார்ப்பதா, விடுவதா? பாருங்கள். ஆனால் அப்பா நோயுற்றிருந்த நாட்களில் எஸ்ஜி-1ஐப் பார்த்த மாதிரி தூங்கப்போகும் முன் பார்க்க வேண்டாம். அந்த ஆறுதல் இங்கே கிடைக்காது. ‘ஒளி’யை மட்டும் முதலில் மறுபடி பார்த்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து பதினொன்றையும் பன்னிரண்டையும் தொடருங்கள். இடையில் சலித்தால் காதல் காட்சிகளைத் தாண்டிப் போகலாம், கதை கெடாது. இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடு வரை வந்த பிறகும் யங்கை உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.