கேம் வாடகைக்குக் கிடைக்காதா?

கேள்வி: வீடியோ கேம் கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்தனவே, கம்ப்யூட்டர் கேம்கள் ஏன் கிடைக்கவில்லை?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கேம்கள் பதிவாகி வந்த ஃப்ளாப்பி வட்டுதான் காரணம், தம்பி. நண்பனிடம் ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கிய கேம் ஃப்ளாப்பியை, விடிவதற்குள் நகலெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்று தப்பாகத் தெரியவில்லை, இன்று உறுத்துகிறது. கேசட்டுக்குள் இருக்கும் சிப்பை வீட்டில் அவ்வளவு சுலபமாக நகலெடுக்க முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர் அனுமதியின்றி மென்பொருளை வாடகைக்கு விடத் தடை போட்டு, கேசட் கேம்களை விட்டுவைத்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் மென்பொருளின் வாடகை உரிமையை உரிமையாளருக்கே தருகிறது. முழு விலை கொடுக்க முடியாத பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமே. அமெரிக்கச் சட்டம் லாப நோக்கமற்ற நூலகங்களுக்காவது இரவல் கொடுக்க வழிவிட்டிருக்கிறது.